பெரிய வெள்ளிப் பஞ்சு

யூலியானாவுக்குச் சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடிய அவளுடைய புருஷன் இராசநாயகம், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். அதன்பின் கிழிந்த வலை பொத்துவதும் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் எழுவைதீவில் அவளுடைய வாழ்க்கையாயின.

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் அவருக்குப் படுக்கைப்புண் பழுத்துக் காய்ச்சலும் வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆள் தப்பாது என்று மருந்து கட்ட வந்த தாதி சொன்னாள். அவர் மறுத்தார். பெரிய வெள்ளியன்று கோயிலில் வாசிக்கும் ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தையே பிடித்துக்கொண்டிருந்தார். அடிபட்டுப் பிறர் நோவைச் சுமக்கும் ஓர் ஊழியனைப் பற்றி இயேசுவுக்கு நெடுங்காலம் முன்பே யூதருக்குச் சொல்லப்பட்டது அது. அந்த ஊழியன் இயேசுதான் என்று நாங்கள் விசுவசிக்கிறோம்.

"அவற்ர காயத்தால சுகம் எண்டுதானே கிடக்கு? பிறகேன் ஆஸ்பத்திரி?"

"அது பாவத்துக்கு எண்டு கோயில் சுவாமி சொன்னவர்," என்றாள் யூலியானா.

"சுவாமிக்குப் புண் இல்லை. நீர் பஞ்சைக் கொண்டாரும்."

சிலுவையிலிருந்து இறக்கும் இயேசுவின் மரச் சுரூபத்தின் காயங்களை எங்கள் பெண்கள் பன்னீர்ப் பஞ்சால் துடைப்பார்கள். அந்தப் பஞ்சை வீட்டில் வைத்துத் தலையிடிக்கு ஒற்றுவார்கள். அவர் அதைப் புண்ணில் வைக்கக் கேட்டார்.

பெரிய வெள்ளியன்று யூலியானா துடைத்தாள். ஞாயிறுக்காகப் பக்கத்து அறையில் வைத்திருந்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தையும் நின்று பார்த்தாள். பிறகு, ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திய ஆசந்தியைச் சுமந்துவந்த றெக்ஷனிடம் போய் மெதுவாகப் பேசினாள். படகு அவனுடையது. அன்று ஒருவரும் கடலுக்குப் போவதில்லை.

வீட்டுக்கு வந்தவள் பஞ்சைக் கொடுக்காமல் கட்டிலருகே நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உயிர்த்த சுரூபத்திலயும் ஆணிக்காயம் கிடக்கு. எழும்பி வந்தவரே தன்ர காயத்தை ஆத்தேல்லை."

"அப்ப ஏசாயா சொன்னது பொய்யே?"

"பொய்யில்லை. உங்கட நோவை அவரும் சேர்ந்து சுமக்கிறார். புண்ணை டாக்குத்தர்தான் கழுவவேணும். நீங்கள் இல்லாமப் போனால் எனக்கு ஆர்?"

அவர் கையை நீட்டிப் பஞ்சை வாங்கிப் பொத்திக்கொண்டார்.

"இண்டைக்கு ஆர் படகு விடுறது?"

றெக்ஷனும் அவனோடு ஆசந்தி தூக்கிய மூவரும் வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றார்கள். அவரைக் கட்டிலோடு தூக்கினார்கள்.

"ஆண்டவரை விட நீங்கள்தான் பாரம், அண்ணை," என்றான் றெக்ஷன்.

"அது மரமடா. நான் கஞ்சி குடிச்சிருக்கிறன். பாத்துத் தூக்கு."

புண் ஆறச் சில மாதங்கள் எடுத்தன. கால்கள் அப்படியேதான். இந்த ஆண்டும் பஞ்சு கேட்டார். தலையிடிக்கு.