மஞ்சள் கிணறும் பழைய பாலிசியும்

திண்டிவனத்துக்கு வெளியே, மயிலம் போகும் சாலையில், என் கணவர் குரோம் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். சைக்கிள், மோட்டார் சைக்கிள் சாமான்களைப் பளபளப்பாக்கித் தரும் வேலை. பட்டறையை மூடிய சில வருடங்களில் அவரும் போய்விட்டார். தகரக் கொட்டகையும் காலி மனையும் என் பெயருக்கு வந்தன. அதை விற்றுவிட்டு விழுப்புரத்தில் மகளோடு இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து நிலத்துக்காரி வீட்டுக்கு வந்தாள்.

பட்டறைக்குக் கிழக்கே, தாழ்வான பக்கத்தில் அவள் நிலம். அவளும் புருஷனும் கூலி வேலை செய்து வாங்கியது. அவர்கள் வம்சத்தில் அதற்கு முன் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு, ஒரே கிணற்றை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொண்டு வந்த பாட்டிலில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"கெணத்துல தண்ணி கீழ போனா இப்பிடித்தான் வருதுக்கா. கால் கழுவுனா அரிக்குது. ஒங்க பட்டற தண்ணின்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க. நான் சண்டைக்கு வர்ல. இன்னா பண்றதுன்னு தெரியல."

தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தோம். அதில் முலாம் பூசும் குரோமியம் இருந்தது. அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்து எங்கள் மனையைத் தோண்டினார்கள். அடி மண்ணும் மஞ்சள்தான். சுத்தம் செய்வது நிலத்துக்குச் சொந்தக்காரர் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு ஆகும் செலவு, மனையை விற்றாலும் கட்டாது.

மகள் விழுப்புரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் எடுத்ததும் கேட்டது இதைத்தான்:

"பட்டறைக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சாம்மா? தீ விபத்துக்கு இல்ல. நம்மால அடுத்தவங்களுக்குச் சேதம் வந்தா ஈடு குடுக்கிற பாலிசி."

"பேங்க்ல லோன் குடுத்தப்ப எடுக்கச் சொன்னாங்க. ஆனா அது காலாவதியாகி எவ்வளவோ வருஷம் ஆச்சுங்களே."

"ஆகட்டும். பாலிசி நடப்புல இருந்தப்பவே சேதம் நடந்திருந்தா, இப்ப தெரிய வந்தாலும் கேக்கலாம். அப்படி எழுதின பாலிசிங்க இருக்கு."

நகல் வங்கியில் கிடைத்தது. அவர் சொன்னபடியேதான் எழுதியிருந்தது. ஆனால் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரி மரியாதையாகவே கையை விரித்தார். "கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சதுக்கெல்லாம் இதுல இடமில்ல மேடம். திடீர்னு நடந்த விபத்தா இருக்கணும். அப்படி ஏதாவது நடந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து நிலத்துக்காரியிடமே கேட்டேன். களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"நடந்துச்சி. ஒங்களுக்குத் தெரியாதா?"

பாலிசி நடப்பில் இருந்த ஒரு வருடம், ஐப்பசி மழையில் பட்டறையின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தண்ணீர் முழுக்க அவர்கள் நிலத்தில் பாய்ந்திருக்கிறது. அதைக் குடித்த மாடு செத்துப்போனது. என் கணவர் வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம். வெளியில் சொன்னால் பட்டறையை மூடிவிடுவார்கள் என்றாராம். வேறு மாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் புருஷனும் அப்போது எங்கள் பட்டறையில்தான் வேலை செய்தான்.

அந்த மழை எனக்கு நினைவிருக்கிறது. கரண்ட் இல்லாத வீட்டில் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். முழங்கை வரைக்கும் மஞ்சள் கறை. எப்போதும் வரும் கறைதான் என்று நினைத்தேன். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற நினைப்பு, அவர் இறந்த துக்கத்தைவிடப் பெரிதாக அன்று உள்ளே உட்கார்ந்தது.

அவள் வந்து சாட்சி சொன்னால் கேட்டுப் பார்க்கலாம் என்றார் வக்கீலம்மா. மகளுக்கு அது பிடிக்கவில்லை. "செத்துப்போன அப்பாவை ஏம்மா சந்தியில நிறுத்துற?" என்று அழுதாள். ஆனால் கிணறு அங்கேயேதான் இருந்தது.

பக்கத்து நிலத்துக்காரிக்கு வேறு பயம். "மாட்ட வாங்கிக்கினு வாய மூடிக்கினு இருந்தியேன்னு கேப்பாங்களே அக்கா."

"கேப்பாங்க. நானும் கூட இருக்கேன், வா."

இருவரும் ஒரே பஸ்ஸில் விழுப்புரம் போனோம். அதிகாரி அவள் பயந்ததையே கேட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க வூட்டுக்காரருக்கு அங்கதான் சார் வேல. அத வுட்டுட்டு எங்க போறது?" என்றாள். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

அப்போதே தெரிவிக்காதது தவறு என்று கம்பெனி இழுத்தடித்தது. வக்கீலம்மா விடவில்லை. கடைசியில் அவள் நிலத்து மண்ணை அள்ளவும் கிணற்றை இறைத்துச் சுத்தப்படுத்தவும் மட்டும் பணம் தர ஒத்துக்கொண்டார்கள். அடுத்தவர் சேதத்துக்கான பாலிசி எங்கள் சொந்த மனையைத் தொடாதாம். அங்கிருந்துதானே அவள் நிலத்துக்கு இறங்குகிறது என்று வக்கீலம்மா இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

லாரிகள் வந்து அவள் நிலத்தை வழித்துக்கொண்டு போன அன்று அவள் வரப்பில் நின்றிருந்தாள். "எரு போட்டுப் போட்டு சேத்த மண்ணுக்கா" என்றாள். கிணற்றுத் தண்ணீர் வெளுத்திருக்கிறது, இன்னும் தெளியவில்லை. குடிக்க கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள். நான் மகளிடம் போகவில்லை. மனையை இப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

எங்கள் மனை மேல் தார்ப்பாய் விரித்து வைத்திருக்கிறோம், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. போன வாரம் காற்றும் மழையுமாக இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"ஒரு பக்கம் தூக்கிக்கினு போவுதுக்கா. ஜல்தியா வாங்க."

நான் போனபோது அவள் நனைந்துகொண்டே தார்ப்பாயின் ஓரத்தை மிதித்துப் பிடித்திருந்தாள். இடிந்த தொட்டிச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி வாங்கி வைத்தாள்.