பாதி எங்களுடையது

எங்கள் உலோகக் கம்பெனியின் கூட்டுத் தொழில் கணக்குகளை இருபது வருடமாகப் பார்க்கும் நான், கூட்டு என்றால் என்னவென்று தெரியாத மடையன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்கும் இன்னொரு கம்பெனிக்கும் சரிபாதியான லேத் பட்டறை ஒன்று கோவில்பட்டிக்கு வெளியே இருக்கிறது. கடைசலில் உதிர்ந்த உலோகச் சுருள்களை எடைபோட அங்கே போனேன். இரண்டு குவியல்கள் கிடந்தன. "எப்படியும் பாதி எங்களுடையதுதானே, ஒன்றாகக் கொட்டுங்கள்" என்றேன். கொட்டினார்கள். ஒன்று எங்கள் டைட்டானியம், மற்றது அவர்களுடைய நிக்கல். கலந்துவிட்டால் இரண்டையும் உருக்க முடியாதாம்.

அவற்றைப் பிரித்து வைத்திருந்த பட்டறைத் தொழிலாளி மாரியம்மாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். சாயங்காலம் லாரி வருவதற்குள் சரியாகாவிட்டால் அவர் வேலை போய்விடும். பழியை ஏற்கிறேன் என்று சூப்பர்வைசரைத் தேடிக் கிளம்பிய என்னை அவர் தடுத்தார்.

"எதுக்கு சார் பேரக் கெடுத்துக்கிடுதீங்க? இங்கன உக்காருங்க. லேசா இருந்தா உங்க கம்பெனி, கனமா இருந்தா அவிய கம்பெனி."

சுருள்கள் கையைக் கிழிக்கும் என்று தன் கையுறையை எனக்குக் கொடுத்துவிட்டு, மாரியம்மாள் தன் விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டார். என் பேரேட்டில் ஒரே வரியாக இருந்த அந்தப் பட்டறைக்கு விரல்கள் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

லாரி வருமுன் முடித்துவிட்டோம். நான் பெருமையோடு எழுந்தபோது, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மாரியம்மாள் மெல்லச் சொன்னார்:

"ஏட்டி, சார் பிரிச்ச சாக்க மட்டும் தனியா வை. மறுக்கா பாக்கணும்."