பாட்டு டீச்சரின் புதன்கிழமை

எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் என்று ஒருவர் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. அதில் வியப்பும் இல்லை. அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு பீரியட், புதன்கிழமை மதியம். அதையும் கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நின்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

"போர்ஷன் முடிக்கணும் டீச்சர். பாட்டுதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அந்த அடுத்த வாரம் வருஷக்கணக்கில் வரவேயில்லை. டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிரே உட்கார்ந்து மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். வரலாறு நடத்துகிற எனக்கு அந்தச் சத்தத்தில் பேப்பர் திருத்த ஓடாது. வாயைத்தான் அடைத்துவிட்டார்கள், விரலையும் அடக்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கத்தைப் பாட்டோடும் கணக்கோடும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமாம். நிச்சயம் யாரோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது உதித்த யோசனை. தலைமையாசிரியர் புதன்கிழமை பீரியடைப் பாட்டு டீச்சருக்கும் கணக்கு சாருக்கும் பொதுவாக்கினார்.

"அதிகாரி வந்து பாத்து நல்லா இருக்குன்னா பாட்டு பீரியட் நிலைக்கும் டீச்சர். இல்லன்னா எடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்று கழன்றுகொண்டார்.

டீச்சருக்கு அது உயிர்ப் பிரச்சினை. கணக்கு சார் எண்ணை மட்டும் கொடுத்தார்: ஒரு கலர் சோடா பாட்டிலில் ஒன்பது ஸ்பூன் சர்க்கரை, ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டில் நாலு. மெட்டு கட்டியது டீச்சர். ஸ்பூனுக்கு ஒரு கைதட்டல், அரை ஸ்பூனுக்கு ஒரு சொடுக்கு. கேரட்டும் வெள்ளரியும் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு மௌனம். கொஞ்ச நாளில் அது பிள்ளைகளின் கையில் ஊறிப்போனது. நான் டீயில் சர்க்கரை போட்டால் ஜன்னலுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். எனக்கு எரிச்சல்தான்.

அதிகாரி வந்தார். பிள்ளைகள் மேடையில் வரிசையாக நிற்க, தலைமையாசிரியர் பவ்யமாக ஒரு கலர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார். அவர் வாயில் வைத்ததும் ஒன்பது தட்டல். யாரும் சொல்லவில்லை, பாட்டிலைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது. தலைமையாசிரியர் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அதிகாரியோ தமக்குத்தான் மரியாதை என்று தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு இன்னொரு மடக்கு குடித்தார். மறுபடியும் ஒன்பது. பாட்டில் காலியாவதற்குள் மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "இந்தப் பசங்களுக்கு கணக்கு எவ்ளோ நல்லா வருது பாருங்க" என்றார். கேடயம் கணக்கு சாருக்குப் போனது. மறுவாரம் புதன்கிழமை பீரியடும் அவருக்கே முழுசாகப் போனது. பாட்டு அதிலேயே அடக்கமாம். டீச்சருக்கு லைப்ரரியில் புத்தகம் அடுக்கும் வேலை.

கணக்கு சார் தனியாகப் பாட்டு நடத்தினார். அவருக்கும் தாளத்துக்கும் வெகுதூரம். அவர் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போக, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பிள்ளைகள் தட்டிக்கொண்டே போனார்கள். பிஸ்கட் ஏழானது. பாட்டில் பதினாலைத் தொட்டது. கேரட்டுக்கே ரெண்டு தட்டு விழுந்தது. பரீட்சையிலும் அப்படியே எழுதி வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, வேறு பள்ளி ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது.

கணக்கு சார் லைப்ரரி வாசலில் வந்து நின்றார். நான் உள்ளேதான் இருந்தேன். வாசலில் நிற்பது அவருக்குப் புதிதல்ல, கையைப் பிசைந்துகொண்டு நிற்பதுதான் புதிது.

"டீச்சர், ஒரே ஒரு பீரியட் வந்து சரி பண்ணிக் குடுங்க. பசங்க எல்லாத்தையும் தப்புத் தப்பா எண்ணுறாங்க."

டீச்சர் ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி நிதானமாக அலமாரியில் வைத்தார்.

"எனக்கும் போர்ஷன் முடிக்கணும் சார், இன்னும் ரெண்டு அலமாரி பாக்கி. கணக்குதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."