என் கால்களும் எருமையின் கஞ்சியும்

பங்குனி மாதத்து நடுப்பகலில், சங்கரன்கோவில் தேரோடும் வீதியில், என் வலது செருப்பு காலை விட்டுக் கழன்றுபோனது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. நோயின் முதல் அறிகுறி எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வெற்றிலைக் கடைக்காரர் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி! செருப்பு இங்கன கெடக்கு. நீங்க மட்டும் எங்கன போறீய?"

திரும்பிப் பார்த்தேன். செருப்பு அவர் கடை வாசலில் கிடந்தது. கொதிக்கிற கப்பி ரோட்டில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கீழே இருப்பவன் மேலே தகவல் அனுப்பாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நன்கு அறிந்தவன். அதே காரியத்தை என் கால் எனக்குச் செய்துவிட்டது. அதற்கு முந்திய மாதங்களில் அது சில நினைவூட்டுகள் அனுப்பியிருந்ததும் உண்மை. விரல்களில் மதமதப்பு, கெண்டைக்காலில் வலி, வாசற்படியில் தடுக்கல். வயதாகிறது என்று எழுதி ஓரமாக வைத்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி ஆவுடையம்மாள் காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் பெரிய கொப்புளம்.

"சுட்டுச்சா?"

"இல்ல."

"இம்புட்டு பெரிய கொப்புளம். கொஞ்சங்கூடவா சுடல்ல?"

"சுடல்லன்னுதான சொல்லுதேன்."

எங்கள் மகள் கோமதி அடுப்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் மனத்திலும் ஒரே சொல் இருந்தது. மூன்று பேரும் அதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கால் மரத்துப்போனால் தொழுநோய் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதற்கும் இப்போது மருந்து வந்துவிட்டது, அது வந்தவரும் நம்மைப் போன்ற மனிதர்தான் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு அது தெரிய இன்னும் காலம் பிடிக்கும். கோமதிக்குப் புளியங்குடியில் எலுமிச்சம்பழ வியாபாரக் குடும்பத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். அதற்குள் ஊர் என் காலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தக் கல்யாணம் நிற்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடியும் முன்பே ஆவுடையம்மாள் கோவிலுக்குப் போய்ப் பிரசாதப் புற்றுமண் கொண்டுவந்து என் பாதத்தில் குழைத்துப் பூசினாள். நான் தடுக்கவில்லை. மனுவை எல்லா இலாகாவுக்கும் அனுப்புவதுதான் முறை. அடுத்த இலாகா, ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது, டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். டாக்டர் இளவயதுக்காரர், பாளையங்கோட்டைப் பக்கத்தவர். நான் ஆபீஸ் கடிதம்போலப் பொருள், பார்வை, பின்னணி என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, காலை நீட்டுங்க. மிச்சத்த அது சொல்லட்டும்."

கண்ணை மூடச் சொன்னார். கையில் பஞ்சு வைத்திருந்தார்.

"எங்க தொடுதேன்னு சொல்லுங்க."

"நீங்க இன்னும் தொடவே இல்லையே?"

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் கட்டைவிரல் மேல் இருந்தது. பின்னால் நின்ற ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோல் முழுவதையும் பார்த்தார். முழங்கையின் பின்புறம் நரம்பை உருட்டிப் பார்த்தார், காதோரம் தடவினார். பிறகு கெண்டைக்காலை அமுக்கினார். நான் கத்திய சத்தத்தில் தாழ்வாரத்து வரிசை உள்ளே எட்டிப் பார்த்தது. முழங்காலில் சிறிய சுத்தியலால் தட்டினார். நன்றாக இருக்கும் கால் அப்போது தானே உதற வேண்டுமாம். என் கால் அசையவில்லை. கடைசியாகக் குந்தி உட்காரச் சொன்னார்.

"இப்ப கையூணாம எந்திரிங்க."

எழுந்திருக்க முடியவில்லை. என் கட்டளைக்கு என் தொடை கீழ்ப்படியாத முதல் சந்தர்ப்பம் அது.

டாக்டர் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு ஆவுடையம்மாளைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, நீங்க பயந்தது இது இல்ல. தோல்ல படை கிடையாது, நரம்பு தடிக்கல்ல. ரெண்டு காலும் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே அளவுக்கு மரத்திருக்கு. இது வேற."

அந்த நேரத்தில் எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்க முடியாது என்று இப்போதுதான் நிரூபணம் ஆகியிருந்தது.

"என்ன அரிசி சாப்பிடுதீய?" என்று கேட்டார் டாக்டர்.

இதற்கு நான் பெருமையோடு பதில் சொன்னேன். கம்பும் சோளமும் என் சின்ன வயதோடு போயிற்று. மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசிதான். தண்ணீர் தெளியும்வரை களைந்து, கஞ்சி சொட்டாமல் வடித்து, இலையில் விழுந்தால் மல்லிகைப்பூ மாதிரி இருக்கும்.

"வடிச்ச கஞ்சி?"

"எருமைக்கு ஊத்திருவோம்," என்றாள் ஆவுடையம்மாள். "கழுநீரும் அதுக்குத்தான்."

"எருமை எப்படி இருக்கு?"

"கிண்ணுன்னு இருக்கு சார். ரெண்டு வேளையும் பால் குறைக்காது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இருக்காதா பின்ன? ஐயாவுக்குச் சேர வேண்டியதுல பாதிய மில்லுக்காரன் சீவி எடுத்துட்டான். மிச்சத்த எருமை குடிச்சிட்டு."

நான் ஆட்சேபம் எழுப்பினேன். ஒரே பானைச் சோறுதான் மூன்று பேருக்கும். எனக்கு மட்டும் ஏன்? டாக்டர் ஆவுடையம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எருமைக்குக் கொண்டு போறதுக்கு முன்ன நானும் மகளும் ஆளுக்கொரு சொம்பு உப்புப் போட்டுக் குடிச்சிருவோம். பொழுதடைய கம்மங்கஞ்சி. அவிய முன்னால குடிச்சா பட்டிக்காட்டுப் பழக்கம்பாவ."

அந்த வீட்டில் நாகரிகமாக வாழ்ந்தவன் நான் ஒருவன்தான் என்பது அன்று தெரிந்தது.

நோயின் பெயர் பெரிபெரி (தவிட்டில் உள்ள சத்து உடம்பில் குறைவதால் நரம்பு தளரும் நோய்). அரிசியின் மேல்தோலில் ஒரு வைட்டமின் (சிறிதளவே வேண்டும், ஆனால் இல்லாவிட்டால் உடல் ஓடாத உணவுச் சத்து) இருக்கிறது. தீட்டுவதில் பெரும்பகுதி போகிறது. எஞ்சியது களைவதிலும் வடிப்பதிலும் போகிறது. அந்தச் சத்தையே ஊசியில் ஏற்றினார்கள். இருதயத்தைப் பிடிக்கும் முன்னே வந்தீர்கள் என்றார் டாக்டர்.

"காலு பழையபடி வருமா?" என்று கேட்டேன்.

"வலி குறையும், பெலம் வரும். உணர்ச்சி எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. நரம்பு அவசரப்படாது."

"அந்த வியாதி இல்லன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும்…"

"இல்லாத வியாதிக்கெல்லாம் சர்டிபிகேட் எழுத ஆரம்பிச்சா நான் எப்ப ஊசி போடுறது? போய்ச் சாப்பிடுங்க ஐயா."

வசந்த காலம் என்று பள்ளிப் புத்தகங்களில் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் அது வேப்பம்பூ உதிர்கிற சில நாட்கள், மற்றதெல்லாம் வெயில்தான். அந்தச் சில நாட்களில் எங்கள் வீடு தலைகீழானது. பனவடலிசத்திரத்து உறவினர் வீட்டிலிருந்து உரலில் குத்திய புழுங்கலரிசி வந்தது. ஒரே களைச்சல், வடிப்பது கிடையாது, அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குவதுதான். காலையில் கம்மங்கஞ்சி, உளுந்தங்களி. மதியம் முருங்கைக்கீரை. மாலையில் வேகவைத்த நிலக்கடலை. இடையில் தவிட்டை வறுத்துக் கருப்பட்டி சேர்த்து உருண்டை.

கழுநீர் குறைந்த தொட்டியை எருமை மோந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"அதும் பங்குத் தவிட்டுக்குப் போட்டியா வந்துட்டீயளே," என்றாள் ஆவுடையம்மாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. எருமைக்குப் பருத்திவிதையும் புண்ணாக்கும் கூட்டிக் கொடுத்துச் சமரசம் செய்தோம்.

வீணாகத் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்த குளித்த தண்ணீரைக் கோமதி வாய்க்கால் வெட்டிப் புழக்கடைக்குத் திருப்பினாள். கரிசல் மண்ணோடு மணலும் சாணமும் கலந்து பாத்தி கட்டினோம். நான் மணைப்பலகையில் உட்கார்ந்து விதை போட்டேன்.

"கீரை விதைய மணல்ல கலந்து தூவணும். ஆபீஸ்ல முத்திரை குத்துத மாதிரி ஒரே எடத்துல குத்தாதீய!"

"குழி போட்டு வைக்கதுதான ஒழுங்கு?"

"அப்பா, அது வெண்டைக்கு," என்றாள் கோமதி.

என் பாத்தியில் கீரை வரிசையாக முளைத்தது; அவர்கள் பாத்தியில் நிறைய முளைத்தது. முளை தெரிந்த காலையில் நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டார் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்கள். ஓய்வுக்குப் பின் என் பொறுப்பில் நடந்த முதல் நியமனம் அல்லவா!

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரத்த காலை நம்பாதீர்கள். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் விடுங்கள். தெருவில் செருப்பில்லாமல் போகாதீர்கள். சாயங்காலம் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். முள் தைத்திருந்தாலும் அது உங்களிடம் சொல்லாது. ஆவுடையம்மாள் தினமும் காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் கெண்டைக்காலை நீவிவிட்டாள். வலி போயிற்று. தூணைப் பிடித்துக் குந்தி எழுந்தேன், பிறகு பிடிக்காமலும் எழுந்தேன். பாதம் மட்டும் மௌனமாகவே இருந்தது.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் காலை, புளியங்குடிச் சம்பந்தி முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை எலுமிச்சம்பழம். நான் ஈரப் பாத்தியில் காலை வைத்துக் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். விசாரிக்க வருகிறவர் கூடையோடுதான் வருவார். இந்த நடைமுறையும் எனக்குத் தெரியும்.

"காலுக்கு என்னவோன்னு சொன்னாக," என்றார். கண் என் பாதத்தை விட்டு நகரவில்லை.

"பெரிபெரின்னு ஒரு நோவு. சோத்துல சத்து இல்லாம வாறது."

"சோத்துல வாறதா? மரத்துப் போச்சுன்னுல்லா சொன்னாக?"

நான் விளக்கத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. நம்பவில்லை என்று நினைத்தேன். அடுப்படிச் சன்னலில் கோமதியின் முகம் தெரிந்தது.

அப்போது என் வலது கட்டைவிரலில் நெருப்பு வைத்ததுபோல் ஒன்று சுரீர் என்றது.

"ஐயோ! கடிச்சிட்டு! ஏளா ஆவுடை, கடிச்சிட்டு!"

அவள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பாம்பா? எங்கன?"

"எறும்பு! கட்டெறும்பு! வலிக்கி! நல்லா வலிக்கி!"

"எந்தக் கால்ல?"

"கால்லதான்! விரல்ல! இங்கன பாரு!"

கம்பைப் போட்டுவிட்டு அவள் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோமதி ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "அப்பா, இது தெரியுதா? இது?" என்று கிள்ளிக்கொண்டே இருந்தாள். கணுக்கால்வரை கிள்ளினாள். சில இடங்களில் லேசாகத் தெரிந்தது. சில இடங்களில் தெரியவில்லை. டாக்டர் தராத சர்டிபிகேட்டைக் கட்டெறும்பு தந்துவிட்டது.

சம்பந்தி கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றார். "எறும்பு கடிச்சதுக்கு இம்புட்டு சந்தோசப்படுத ஆள இப்பத்தான் பாக்கேன்."

ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சு, கஞ்சி, எருமை, எதையும் விடவில்லை. அவளும் கோமதியும் உள்ளே போனதும் சம்பந்தி என் பக்கத்தில் மெல்லக் குந்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, எங்க வீட்லயும் மில்லு பச்சரிசிதான். எனக்கும் கார்த்திகையிலேர்ந்து ரெண்டு காலும் மதமதங்குது. வீட்ல யாருகிட்டயும் சொல்லல்ல. பையன் கல்யாணம் நின்னுருமோன்னு பயம். உங்க காலு எப்படியிருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

என் காலைப் பார்த்து நாங்கள் பயந்த அதே மாதங்களில், அவர் தம் காலைப் பார்த்து எங்களுக்குப் பயந்திருக்கிறார்!

"எந்திரியும் வே, பாப்போம்," என்றேன்.

குந்தியிருந்தவர் தரையில் கை ஊன்றினார்.

"கையூணாம!"

அவரால் முடியவில்லை. அன்று மதியம் அவர் எங்கள் வீட்டில் குத்தரிசிச் சோறும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டார்; சாயங்காலமே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தார். நான் கூடப் போனேன். பொருள், பார்வை, பின்னணி எல்லாம் நானே சொன்னேன். டாக்டர் இந்த முறை நிறுத்தவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பில் இரண்டு சம்பந்திகளும் கொஞ்சம் நிதானமாக நடந்தோம். பந்தியில் பழுப்புச் சோறு விழுந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். நாங்கள் இருவரும் மறுசோறு கேட்டோம்.

இப்போது என் இடது கால் சுண்டுவிரல் இன்னும் தகவல் அனுப்பவில்லை. நான் நினைவூட்டு அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். நரம்புக்கு அதன் காலம் உண்டு. முன்பெல்லாம் எனக்கு மாதம் என்றால் முதல் தேதி, நாள் என்றால் கடிகாரம். இன்று விடியலை ஈரமண்ணின் குளிர்ச்சியில் என் பாதம் தெரிந்துகொள்கிறது. வாரங்களைக் கீரை சொல்கிறது.

கல்யாணம் முடிந்த வாரத்தில், நடுப்பகலில், அதே தேரோடும் வீதியில் அதே கடை வாசலுக்குப் போனேன். உங்களுக்குச் சொன்ன புத்திமதியை நானே மீறி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு அடி வைத்தேன். இன்னொரு அடி. மூன்றாவது அடியில் துள்ளினேன்.

வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்றார். "அண்ணாச்சி! செருப்பக் கையில வச்சிக்கிட்டு என்ன ஆட்டம் இது?"

"சுடுது வே," என்றேன். "நல்லா சுடுது!"