இத்தாலிக்குப் போன சாவு கேசட்

எங்கள் தெலெனெஷ்டி வட்டாரத்தில் செத்துப்போகிறவர்கள் இரண்டு வகை. இத்தாலியில் பிள்ளை இருக்கிறவர்கள், இல்லாதவர்கள். இல்லாதவர்களுக்குப் பாதிரியார் மட்டும் வருவார். இருக்கிறவர்களுக்கு ஹரலாம்பியும் வருவார், தோளில் கேமராவோடு. சில வீடுகளில் பாதிரியாருக்கு முன்னாலேயே வந்து, வெளிச்சம் போவதற்குள் ஜெபத்தை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தியதும் உண்டு.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவர் எங்கள் மன்றத்தில் படம் ஓட்டியவர். பண்ணை போயிற்று, மன்றத்தின் கூரை போயிற்று, படம் பார்க்கிறவர்கள் இத்தாலிக்குப் போனார்கள். அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலை. பெரும்பாலோருக்கு அங்கே தங்குகிற அனுமதிக் காகிதம் கிடையாது. அம்மா செத்தாள் என்று கிளம்பி வந்தால் மறுபடி உள்ளே நுழைய முடியாது. ஆகவே அவர்கள் வருவதில்லை, கேசட் போகிறது. ஆகாயத்திலிருந்து விழுந்ததுபோல ஹரலாம்பிக்கு மறுபடி ஒரு தொழில்.

தொழிலை அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. சவப்பெட்டியை மட்டும் காட்டினால் ஒருவரும் அழமாட்டார்கள் என்பார். சவப்பெட்டி, உடனே ஒரு முகம், மறுபடி சவப்பெட்டி. அந்த முகம் எதையும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள். அவருடைய பெரிய தொல்லை எங்கள் ஜனங்கள்தான். கேசட் யாருக்குப் போகிறதென்று ஊருக்கே தெரியும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன்கூடக் கேமராவைக் கண்டால் சிரித்துக் கையசைப்பான். "தோக்கியா, பாத்தியா, உங்கம்மாவுக்கு என்ன கூட்டம்! நீ நல்லாருக்கியாடி?" இதையெல்லாம் வெட்டி எறியவே அவருக்கு இரண்டு இரவு பிடிக்கும்.

தோக்கியாவின் அம்மா பரஸ்கோவியா பிப்ரவரியில் செத்தாள். தோக்கியா ஒன்பது வருடமாக இத்தாலியில். மருந்துகள் அவள் அனுப்புவாள், தம்பி செராஃபிம் பக்கத்தில் இருந்து கொடுப்பான். கொடுத்தானா இல்லையா என்று ஊரில் இரண்டு கட்சி. கொடுத்தான், பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியும். ஆனால் கொடுக்கவில்லை என்கிற கட்சியில்தான் தொலைபேசி வைத்திருந்தவர்கள் அதிகம். அவர்கள் சொன்னது தோக்கியாவின் காதுக்குப் போய்விட்டது.

அடக்கத்தன்று செராஃபிம் மூன்று நாள் முள்தாடியோடு, பனியில் தொப்பியில்லாமல், பெட்டியின் தலைமாட்டில் நின்றான். அழவில்லை. கூலிக்கு வந்த ஒப்பாரிக்காரிகளே மூச்சுவாங்க அழுதார்கள், இவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹரலாம்பி வெட்டி ஒட்டியதை முதலில் பார்க்கிறவள் அவர் மனைவி அக்ரிப்பினா. தலைத்துணியின் நுனியை எடுத்து அவள் மூக்கைச் சிந்தினால் கேசட் தேறியது என்று அர்த்தம். இந்த முறை துணி நகரவில்லை.

"என்னய்யா இது? இவன் என்ன, பஸ்ஸுக்கா நிக்கிறான்?"

செராஃபிமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, அக்கா இதைப் பாத்தா என்னைத் தலைமுழுகிடுவா. ஏற்கெனவே மருந்து கொடுக்கலன்னு நினைச்சிட்டிருக்கா. ஏதாச்சும் பண்ணுங்க."

"அழுதிருந்தா நான் ஏன்டா ஏதாச்சும் பண்ணப்போறேன்?"

"வரல அண்ணே. நான் என்ன பண்ணட்டும்?"

ஹரலாம்பி பழைய கேசட்டுகளைக் குடைந்தார். போன இலையுதிர் காலத்துக் கல்யாணம் ஒன்றில் செராஃபிமின் முகம் கிடைத்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால், இமைக்காமல், தொண்டையில் எதையோ விழுங்கியபடி, கண்ணில் ஈரத்தோடு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பார்த்தது சர்மாலே வைத்த தட்டு. சமையல்காரிக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தகராறு, முட்டைக்கோஸ் உருண்டைகள் கண்ணெதிரே ஆவி பறக்க இருந்தும் பந்தி போடவில்லை. அடுப்புப் புகை வேறு.

கோட்டில் குத்தியிருந்த கல்யாணப் பூ தெரியாதபடி முகத்தை மட்டும் பெரிதாக்கினார். நிறத்தை வெளுக்கவைத்தார். அம்மாவின் கட்டிய கைகள், மெழுகுவத்தி, செராஃபிம். குழிக்குள் இறங்கும் பெட்டி, மறுபடி செராஃபிம், இம்முறை கொஞ்சம் நீளமாக. விழுங்குகிறானே, அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்.

அக்ரிப்பினா தேம்பித் தேம்பி அழுதாள், எட்டிப் பார்க்க வந்த நாங்களும் அழுதோம். செராஃபிம் தன் முகத்தைத் தானே பார்த்து, "ஐயோ பாவம்" என்றான்.

கேசட் மினிபஸ்ஸில் இத்தாலிக்குப் போயிற்று. அடக்கம் பதிந்த மூல டேப்பின் மேலேயே ஹரலாம்பி அடுத்த வாரத்து ஞானஸ்நானத்தைப் பதிந்துவிட்டார். அது அவர் வழக்கம், டேப் என்ன மரத்திலா காய்க்கிறது?

கேசட் போய்ச் சேர்ந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் தோக்கியா தொலைபேசியில் பேசினாள். அங்கே வேலைக்காரிகளுக்கு வியாழன் மத்தியானம்தான் ஓய்வு. அவள் கத்தியது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"டேய் செராஃபிம், அம்மா பொணமா கிடக்கிறப்ப செரைச்சுக்கிட்டா நின்ன?"

பெற்றவள் செத்தால் நாற்பது நாள் எங்கள் ஆண்கள் முகத்தில் கத்தி படாது. குடிகாரனும் திருடனும்கூட மீறாத ஒரே விஷயம் அது. வெட்டி ஒட்டும்போது ஹரலாம்பி பூவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். தாடை கல்யாணத்துக்காக வழுவழுவென்று மழிக்கப்பட்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, அழுத எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. தோக்கியா தினமும் காலையில் ஒரு இத்தாலியக் கிழவனுக்குச் சவரம் செய்கிறவள். அவள் பார்த்துவிட்டாள்.

மழிக்கவில்லை என்று சாதிக்கலாமென்றால் படம் இருக்கிறது. படம் பொய்யென்றால் அழுகையும் பொய். செராஃபிம் உண்மையைச் சொன்னான்.

"அக்கா, அது கல்யாணத்துல சர்மாலேக்காக நின்னப்ப எடுத்த மூஞ்சி."

"அப்போ அம்மா பெட்டிகிட்ட நின்ன உன் மூஞ்சி எங்க?"

"அழிச்சிட்டாங்க."

"நல்லா காமிச்சீங்கடா எனக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

நாற்பது நாள் முடிவதற்குள் செராஃபிம் மறுபடி ஹரலாம்பியிடம் வந்தான். தாடி அடர்ந்திருந்தது. "கல்லறைக்கு வாங்க அண்ணே. என்னை எடுங்க. வெட்டக் கூடாது. கிட்ட வரக் கூடாது. நின்ன இடத்துல நில்லுங்க."

"அப்படி எடுத்தா எவன்டா பாப்பான்?"

"அக்கா பாப்பா."

ஹரலாம்பி நின்ற இடத்தில் நின்றார். செராஃபிம் கேமராவைப் பார்த்து, "அக்கா, இதோ தாடி" என்று தடவிக் காட்டினான். பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருமினான், காதைச் சொறிந்தான். சிலுவையடியில் வைத்த மெழுகுவத்தி காற்றில் அணைந்தது. குனிந்து ஏற்றினான், அணைந்தது, மறுபடி ஏற்றினான். அப்படிக் குனிந்திருந்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பக்கம் போய் முகத்தை எடுத்துவிட ஹரலாம்பியின் கால் துடித்தது, ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார். டேப்பில் விழுந்தது ஒரு கோட்டின் முதுகு. காற்றின் இரைச்சலில் சத்தமும் பதியவில்லை.

அதுவும் மினிபஸ்ஸில் போயிற்று. தோக்கியா தம்பியிடம் பேசவில்லை, ஹரலாம்பியிடம் பேசினாள்.

"பாத்தேன் அண்ணே. முக்காவாசி அவன் முதுகுதான். சொறியறான், இருமறான். இதுல ஒண்ணுமே இல்லியே."

"அழுதாம்மா. நான் பக்கத்துல இருந்தேன்."

"உங்க பேச்சை இனி நான் நம்பணுமாக்கும். ஆனா அந்த மொதல் கேசட் இருக்கே, அது நல்லா பண்ணியிருக்கீங்க. இங்க நம்ம பொண்ணுங்களுக்குப் போட்டுக் காமிச்சேன், எல்லாம் அழுதுதுங்க. நானும் அழுதேன்."

"அது சர்மாலேக்கு ஏங்கின மூஞ்சின்னு உனக்குத்தான் தெரியுமே?"

"தெரியுது. இருந்தாலும் அழுகை வருது, என்ன பண்ண?"

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசேன்மா."

"அவன்கிட்ட என்ன பேச்சு?"

செராஃபிம் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். "என்ன அண்ணே சொன்னா?"

ஹரலாம்பி முப்பது வருடம் படத் தொழிலில் இருந்தவர்.

"பாத்தாளாம். அழுதாளாம்."

"எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயும்தான்."

"அப்போ பேசுவா" என்றான் செராஃபிம்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மத்தியானங்களில் அவன் எங்கேயும் போவதில்லை. திராட்சை பறிக்கக் கூப்பிட்டால் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பான். தொலைபேசியை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் மணி அடித்தால் அவன் எழுந்திருப்பது வேலிக்கு மேலாகத் தெரியும்.