என் நீச்சலும் இங்கிலீஷும் பிறந்த இடம்

அம்மா பெயர் பொறித்த எவர்சில்வர் டப்பா ஒன்று கல்யாணச் சீரோடு நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்தது. முழுசாக ஒரு வருடம் அது எங்கள் அபார்ட்மென்ட்டில் மாடிக்கும் கீழ்வீட்டுக்குமாக அலைந்தது. நான் பணியாரமோ தக்காளி சாதமோ வைத்துக் கொடுப்பேன். கீழ்வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழமோ புதினாக் கட்டோ போட்டுத் திரும்பி வரும். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்பது வியட்நாமிலும் வழக்கம் போலிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் அந்த நாட்டுக்காரர். அறுபது வயதுக்கு மேலிருக்கும், தனியாக இருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன்.

இந்தப் போக்குவரத்துக்குக் காரணம் ஒரு பிறந்தநாள் விழா. அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நம்மூர்க் குடும்பம் ஒன்று கேக் வெட்டிக்கொண்டிருந்தது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பலூனை எட்டிப் பிடிக்கப் போனவள் ஆழமான பக்கத்தில் விழுந்துவிட்டாள். நான் பேப்பர் தட்டும் கையுமாக நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஹெல்ப் என்ற சின்னச் சொல்கூட வாயில் வரவில்லை. ஐயோ பாப்பா, ஐயோ பாப்பா என்றுதான் கத்தினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி செருப்போடு குதித்தார். அடுத்து என் கண்ணில் பட்டது தண்ணீருக்கு மேலே தூக்கிய இரண்டு கைகளும் அதில் என் பிள்ளையும்தான். யாரோ பிள்ளையை வாங்கினார்கள், யாரோ ஆன்ட்டியை இழுத்துக் கரையேற்றினார்கள். நான் பாப்பாவைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், அவருடைய தொப்பி குளத்தில் மிதந்துகொண்டிருந்தது.

மறுநாள் தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, தேங்க் யூ என்றேன். கடையில் பில் போடுகிறவருக்கும் அதே தேங்க் யூதானே? எனக்கே வெட்கமாகப் போயிற்று. நம் வீடுகளில் நன்றியை யார் வாயால் சொல்கிறோம், சமைத்துத்தான் கொடுப்போம். அப்படி ஆரம்பித்ததுதான் அந்த டப்பா. ஆனாலும் என் பிள்ளையை மீட்டுத் தந்தவரிடம் மனதிலிருந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தினமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வார்த்தைதான் வராது, என் இங்கிலீஷின் லட்சணம் அப்படி! தமிழ் மீடியத்தில் படித்து, என்ஜினீயரிங்கை மனப்பாடத்திலேயே ஓட்டியவள் நான். வாக்கியத்தை மனசுக்குள் முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பேன். அதற்குள் எதிராளி வேறு பேச்சுக்குப் போயிருப்பார். டேகேரிலும் டாக்டரிடமும் பேசுவது என் கணவரின் பொறுப்பு.

ஒரு நாள் ஆன்ட்டி டப்பாவைக் காலியாகத் திருப்பித் தந்தார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஜன்னல் வழியாகக் குளத்தைக் காட்டி, "நோ மோர் ஃபுட். மதர் மஸ்ட் ஸ்விம்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அந்த வாரமே ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். பாப்பாவைச் சேர்த்தால் போதாதா, இந்த வயசில் உனக்கு எதற்கு என்றார் கணவர். "அவ விழுந்தப்ப நான் நின்னு பாத்துட்டிருந்தனே, அந்த ஒரு நாள் போதுங்க" என்றேன்.

மூச்சை அடக்காதே, தண்ணீருக்குள்ளே விட்டுக்கொண்டே போ என்று வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். எனக்கு வந்தால்தானே! சாயங்காலம் குளத்தடி பெஞ்சில் ஆன்ட்டியிடம் அன்றைய கதையைச் சொல்வேன். எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எங்கே கால் இழுத்தது என்று பாதி வார்த்தையிலும் பாதிக் கையிலும் ஓடும். அவருடைய இங்கிலீஷும் அரைகுறைதான் என்பதால் தப்பு வந்துவிடுமோ என்ற பயமே இல்லை. அவரும் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தையும் ஹூஸ்டனில் இருக்கும் மகனையும் பற்றிச் சொல்வார். ஒரு நாள் குழந்தைகள் டாக்டரிடம் மகளின் இருமலைப் பற்றி நானே எல்லாம் பேசிவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏறிய பிறகுதான் அதை உணர்ந்தேன்.

அடுத்த கோடையில் அபார்ட்மென்ட் குளத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீந்தினேன். ஆன்ட்டி எழுந்து நின்று கை தட்டினார். சொட்டச் சொட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: நீங்கள் எங்கே நீச்சல் கற்றீர்கள், உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா?

"மீ? நோ ஸ்விம்" என்றார்.

அப்படியானால் அன்றைக்கு?

"ஐ ஸீ பேபி, ஐ ஜம்ப். தென் ஐ திங்க்: ஓ, நோ ஸ்விம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நீச்சல் தெரியாத இரண்டு பேர் அன்று குளத்தருகே இருந்திருக்கிறோம். சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணும், நீங்க நல்லா இருக்கோணும்" என்று தமிழிலேயே அழுதேன். புரிந்ததுபோல் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது நாங்கள் பக்கத்து ஊரான பிளசன்டனில் இருக்கிறோம். நாள் முழுக்க மீட்டிங்கில் பேசித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எந்த கான்வென்ட்டில் படித்தீர்கள் என்று கேட்பவர்கள்கூட உண்டு. கேட்டால் ஆன்ட்டியின் கதையைத்தான் சொல்வேன். மகனோடு இருக்க ஹூஸ்டனுக்குப் போய்விட்ட அவரைப் போன கோடையில் பார்க்கப் போயிருந்தோம். மகன் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் இருந்தது. கதை முழுதும் தெரிந்த, இப்போது நன்றாக வளர்ந்துவிட்ட என் மகள் அவரைக் கெஞ்சிக் கூத்தாடித் தண்ணீரில் இறக்கினாள். அன்றைக்கு ஆழத்தில் குதித்தவர் இடுப்பளவு நீரில் நடுங்கினார். சுவரைப் பிடித்த கையை விடவே மாட்டேன் என்றார். மகள் அவர் முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "ஐ காட் யூ, ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாகச் சுவரை விட்டார்.