ஈர விறகு

இதை இன்றுவரை அத்தையிடம் நான் சொன்னதில்லை.

மங்கலத்தில் அத்தை பனியன் கம்பெனி ஆட்களுக்கு மெஸ் நடத்தினார். கொட்டகையில் பெரிய விறகடுப்பு. அதன் புகையைத் தகரக் குழாய் ஒன்று ஓலைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும். ஐந்தாம் வகுப்பு விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். காலையில் அத்தை காய்கறி வாங்கப் போனால், தண்ணீர் அண்டா சுடும்வரை அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. காய்ந்த விறகை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். அடுப்பின் காற்றுக் கதவைச் சாத்தவே கூடாது.

எனக்கோ டிவியில் கார்ட்டூன். ஈர விறகைத் திணித்துக் கதவைச் சாத்திவிட்டால் ஒரு மணி நேரம் கிட்டே போகவேண்டாம் என்று கண்டுபிடித்தேன். அது பாட்டுக்குப் புகைந்துகொண்டு கிடக்கும். அத்தையின் வண்டிச் சத்தம் கேட்டதும் திறந்துவிடுவேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை. அந்தப் புகையெல்லாம் குழாய்க்குள் தாராகப் படிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள், சமையலுக்கு வரும் சாத்தூர்க்கார அக்கா அடுப்பை மூட்டினார். காய்ந்த விறகு, நல்ல தீ. திடீரென்று குழாய்க்குள் படிந்திருந்த தார் பற்றி, பெரிய இரைச்சல். தகரம் சிவந்தது. மேலே பொறி கொட்டிக் கூரை பற்றிக்கொண்டது. பக்கத்துத் தறிக்காரர்கள் ஓடிவந்து அணைப்பதற்குள் பாதிக் கூரை போய்விட்டது.

கோபத்திலும் அத்தைக்கு மரியாதை குறையாது.

“ஏனுங்க, சோறாக்கச் சொன்னா ஊட்டையே கொளுத்தறாப்பல தீ வெப்பீங்களா? நாளைக்கு வராதீங்க.”

கைக்குழந்தையோடு அக்காவை எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது. அது எனக்கும் தெரியும். சொல்லிவிட வாயெடுத்தேன். பயத்தில் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா ஆறிய குழாயைக் கழற்றித் தட்டினார். எரியாமல் மிஞ்சிய கறுப்புச் செதில்கள் பளபளவென்று விழுந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது என்னருகே நின்றார்.

“இனிமே அடுப்புக் கதவ மூடிராத, பாப்பா. ஒனக்கு ஏதும் ஆயிரும்” என்றார், அத்தைக்குக் கேட்காத குரலில்.

ஏதோ பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார், அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதியில் அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.